பத்துக்குப் பன்னிரண்டு

வீட்டை விட்டு இறங்காத பிள்ளைகள் விஷயத்தில் நான் முதலில் பேசுவது வீட்டாரிடம்தான். விளவங்கோடு பக்கம் ஒரு பதினாறு வயதுப் பையன் (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பஸ் ஸ்டாப் வரை போனாலே நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், வாந்தி வரும். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். "முறிய (அறையை) விட்டே எறங்க மாட்டேங்கான் சாரே" என்று அம்மா அழுதார். அதற்குள் ஜெபம், மந்திரித்த கயிறு, இதய ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று.

பாசத்துக்குக் குறைவில்லை. சோறு முறிக்குப் போகும். யாராவது வந்தால் "தூங்குறான்" என்று அம்மாவே சொல்லிவிடுவார். முடிவெட்டக்கூட ஆள் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு தடவை தப்பிக்கும்போதும் பயம் அப்போதைக்குத் தணியும்; வெளியே ஆபத்துதான் என்ற நம்பிக்கையோ இன்னும் இறுகும். மாமா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமானது. இழுக்கவும் கூடாது, ஒளித்துவைக்கவும் கூடாது. இதை ஒரு தாய்க்குப் புரியவைப்பது லேசான வேலை இல்லை.

டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி 14416 எண்ணில் அவனே பேசினான். முகம் காட்ட வேண்டாமே! அப்புறம்தான் என்னிடம் பேச்சு வந்தது. பயத்துக்குப் பத்துக்கு மார்க் போடச் சொன்னேன். முற்றம் மூன்று, சாயாக்கடை ஏழு, பஸ் ஒன்பது. பள்ளிக்கூடம் பத்துக்குப் பன்னிரண்டு என்றான்.

அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை (தோட்டம்) உண்டு. விடியும் முன்பே மரத்தில் பால் எடுக்கும் வெட்டுக்குப் போவார். "அந்நேரம் ஆரும் பாக்க மாட்டாவ... நாலு" என்றான் பையன். சரி, அங்கேயே தொடங்கினோம். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பால் வடியும் சிரட்டைகளைத் துடைத்து வைப்பது அவன் வேலை. படபடப்பு வந்தால் ஓடிவராமல், அது தானாக இறங்கும்வரை அந்த மரத்தடியிலேயே நிற்க வேண்டும். அப்பா ஆறுதல் சொல்லக் கூடாது, "மார்க் எத்தன மக்களே?" என்று மட்டும் கேட்கலாம்.

ஜூனில் மழை பிடித்ததும் வெட்டு நின்றது, அவனும் முறிக்குள் போனான். ஐப்பசி மழையும் வரும் ஊரில் வெயிலை நம்பித் திட்டம் போட முடியாது. குடையோடு, ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு அனுப்பினோம். குடை முகத்தை மறைத்தது அவனுக்கு வசதி. அதற்காகவே, மழை விட்ட நாட்களில் அவனிடமிருந்து குடையை வாங்கி வைத்துவிடும்படி வீட்டாரிடம் சொன்னேன். அதற்கு என்னோடு சண்டை போட்டான்.

இப்போது கடையில் தராசைப் பார்த்து அவனே எடை கேட்கிறான். தனித்தேர்வராகப் பரீட்சை எழுதட்டும் என்கிறார் அப்பா. எனக்கு உடன்பாடில்லை, திரும்பவும் முறியில் இருக்க அது நல்ல சாக்கு. பள்ளி விட்ட பிறகு, ஆளில்லாத வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வர ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.