டெட்ராய்ட் சிட்டி: ரசிகர்கள் காசு போட்டுச் சீரமைத்த மைதானம்

அமெரிக்காவில் கால்பந்து பார்க்க ஆசையா? மெஸ்ஸி ஆடும் ஊர்களில் டிக்கெட்டுக்குக் கொட்டி அழாதீர்கள். ஒரு சனிக்கிழமை டெட்ராய்ட்டுக்குப் போய், டெட்ராய்ட் சிட்டி அணியின் ஆட்டத்தைப் பாருங்கள். திரும்பி வந்து இன்னும் துணிகூடத் துவைக்கவில்லை, சட்டையெல்லாம் புகை வாசம். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

முதலில் வயிற்றெரிச்சல். சிகாகோவிலிருந்து மலிவு விலை இரவுப் பேருந்து. ஏசியைக் குறைக்கச் சொல்லி மூன்று பேர் கேட்டும் ஓட்டுநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறைத்துப்போய் விடியுமுன் இறங்கினால், வெளியே நின்ற ஒரு கார்க்காரர், அணியின் மைதானம் இருக்கும் ஹாம்ட்ராம்க் போக 45 டாலர் என்றார். பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது! பேரம் பேசியும் ஐந்து டாலர்தான் இறங்கினார். விடிந்தபின் அதே தூரத்தை நகரப் பேருந்தில் 2 டாலருக்குப் போகலாம். பகலில் போய் இறங்குகிற மாதிரி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாம்ட்ராம்க் தனி ஊர். கிட்டத்தட்ட நாலு பக்கமும் டெட்ராய்ட் சூழ்ந்திருக்க, நடுவில் இரண்டு சதுர மைல் அளவில் உட்கார்ந்திருக்கிறது. டாட்ஜ் கார் ஆலையை நம்பி வந்த போலந்துக்காரர்கள் வளர்த்த ஊர் இது. 1980-ல் ஆலை மூடியது, ஆனால் ஊர் காலியாகவில்லை. ஏமன்காரர்களும் வங்கதேசத்தவரும் வந்து நிரப்பிவிட்டார்கள். ஒரே தெருவில் போலந்து ரொட்டிக் கடை, மசூதி, வங்காளி மளிகைக் கடை எல்லாம் பார்த்தேன்.

அங்கே ஒரு ஏமன் உணவகத்தில் சாப்பிட்டது இன்னும் நாக்கில் நிற்கிறது. கல்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்த ஃபஹ்ஸா: நார் நாராகப் பிரிந்த ஆட்டுக்கறி, மேலே வெந்தய நுரை. கூடவே தாம்பாளம் அகலத்துக்குச் சுடச்சுட ரொட்டி. இருவர் தாராளமாகப் பகிரலாம். நான் தனியாகவே முடித்தேன். கடைசியில் ஏலக்காய் மணக்கும் அதேனி டீ. கார்க்காரரிடம் விட்ட காசில் பாதிகூட ஆகவில்லை.

சரி, கால்பந்துக்கு வருகிறேன். மைதானத்தின் பெயர் கீவொர்த். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அரசு வேலைத் திட்டத்தில் கட்டியது, 1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டே திறப்பு விழாவுக்கு வந்திருக்கிறார். இன்றும் அது உள்ளூர்ப் பள்ளிகளின் சொத்துதான். எண்பது ஆண்டில் கான்கிரீட் படிகள் பெயர்ந்து, ஆட்கள் உட்காரவே முடியாத நிலை.

டெட்ராய்ட் சிட்டி அணியை 2012-ல் ஐந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 2010-ல், பேட்டைக்கு ஒரு அணி என்று பொழுதுபோக்கு லீக் ஒன்று ஊரில் ஆரம்பமாகியிருந்தது. அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் இது. நான்காம் நிலை லீக், சம்பளமில்லாத ஆட்டக்காரர்கள், காஸ் டெக் என்ற பள்ளியின் மைதானம். அங்கே கூட்டம் தாங்காமல் போனதும் கீவொர்த்தைச் சீரமைக்க ரசிகர்களிடமே கடன் கேட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் சேர்ந்து 7,41,250 டாலர் கொடுத்தார்கள். நன்கொடை இல்லை, வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் கடன். 2016 மே மாதம் முதல் ஆட்டத்துக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

எனக்கு இந்த அணி பிடித்துப்போனதே இதனால்தான். அமெரிக்கக் கால்பந்தில் ஜெயித்து மேல் லீக்குக்கு ஏற முடியாது, இடத்தை விலைக்கு வாங்க வேண்டும். முதல் நிலையான எம்.எல்.எஸ். லீக்கில் நுழைய 2023-ல் சான் டியாகோ 50 கோடி டாலர் கட்டியது. அநியாயம்! டெட்ராய்ட்டுக்கும் ஓர் எம்.எல்.எஸ். அணி கொண்டுவருகிறோம் என்று 2016-ல் இரண்டு கோடீஸ்வரர்கள் அறிவித்தார்கள். அது நடக்கவே இல்லை. அந்த நேரத்தில் இங்கே ஆட்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுப் படிகளைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள். 2020-ல் அணி சம்பள ஆட்டத்துக்கு மாறியது, அதே ஆண்டு ரசிகர்களுக்குப் பங்கும் விற்றார்கள். 2022-ல் இரண்டாம் நிலையான யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப்புக்கு வந்தார்கள். வந்த வேகத்தில், அந்த ஏப்ரலில், எல்லா நிலை அணிகளும் மோதும் ஓப்பன் கோப்பையில் எம்.எல்.எஸ். அணியான கொலம்பஸ் க்ரூவை இதே மைதானத்தில் 2-1 என்று வீழ்த்தினார்கள்.

ஆட்டத்தன்று நார்தர்ன் கார்டு என்ற ரசிகர் படை கொட்டடித்துக்கொண்டு வந்தது. முகத்தில் மண்டை ஓட்டு ஒப்பனை, கையில் கொடி. தொண்ணூறு நிமிடமும் உட்காரவே இல்லை. கோல் விழுந்ததும் கருஞ்சிவப்பும் பொன்னிறமுமாகப் புகை எழுந்தது, கொஞ்ச நேரம் பந்தே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் குதித்தேன். அவர்கள் பாட்டில் கெட்ட வார்த்தை நிறைய, குழந்தைகளோடு போனால் எதிர்ப்பக்கப் படிகளில் உட்காருங்கள்.

மறுநாள் நகர மையத்தில் ‘டெட்ராய்ட்டின் ஆன்மா’ சிலையைப் பார்த்தேன். மார்ஷல் ஃப்ரெட்ரிக்ஸ் செய்து 1958-ல் வைத்த பச்சை வெண்கலச் சிலை. ஒரு கையில் பொன் உருண்டை, மறு கையில் ஒரு சிறு குடும்பம். அணியின் சின்னத்தில் இருப்பது இதுதான். பைசா செலவில்லை.

போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். டெட்ராய்ட்டின் கார்க்டவுன் பேட்டைப் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு மருத்துவமனை இடத்தில் 15,000 பேர் அமரும் சொந்த மைதானம் எழும்புகிறது, 2027-ல் திறப்பதாகத் திட்டம். பெரிய வருமானம் வேண்டுமானால் சொந்த இடம் வேண்டும், அது நியாயம்தான். ஆனாலும் டிக்கெட் விலை ஏறி, கடன் கொடுத்த அந்த ஐந்நூறு பேரில் யாராவது வெளியே நிற்க நேர்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஏமன் கடையும் புது மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்காது. ஆட்டத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், முடிந்தபின் வரிசை தெருவரை நீள்கிறது.