ஜப்பானில் நாடகம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் இருக்கையைப் பாருங்கள்

ஜப்பானுக்குப் போகும் பலரும் ஆடலும் பாடலும் கலந்த அந்நாட்டின் பழைய நாடகமான கபுகியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். "பாஷை புரியாதே" என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. அதற்கு வழி இருக்கிறது. கபுகிக்கான ஆங்கில இணையதளத்தில் அந்த மாதத்து நாடகங்களின் கதைச்சுருக்கம் வந்துவிடும்; அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துக்கொண்டு போனால் போதும். விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு, வேடத்தையும் அடவையும் வைத்தே கதையைப் பிடிப்பது புதிதல்ல. ஆனால் தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பரிகாரமே கிடையாது. கபுகி, பொம்மலாட்டமான புன்ராகு, முகமூடி நாடகமான நோ மூன்றுக்கும் மேடை அமைப்பு வேறு வேறு. ஒன்றில் நல்ல இடம் மற்றொன்றில் மோசமான இடம்.

டோக்கியோவில் கபுகிக்கென்றே இருக்கும் அரங்கம் கின்சாவில் உள்ள கபுகி-சா. 1889இல் தொடங்கியது, இப்போது இருக்கும் கட்டடம் 2013இல் திறந்தது. ஹிகாஷி-கின்சா சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நேராக அரங்கின் அடித்தளத்துக்கே வந்துவிடலாம். மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல். பெரும்பாலும் பகல் காட்சி 11 மணிக்கு, மாலைக் காட்சி 4.30 மணி வாக்கில். மாதக் கடைசி நாட்களில் அடுத்த மாதத்துக்கான ஏற்பாடு நடக்கும், அப்போது காட்சி இருக்காது. பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 25ஆம் தேதிக்கு மேல் டோக்கியோவில் இறங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

கபுகி மேடையின் உயிர் ஹனமிச்சி என்கிற பாதை. பார்வையாளர்களுக்கு இடப்பக்கமாக, மேடையிலிருந்து அரங்கின் கடைசி வரை ஜனங்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும். முக்கியமான வருகையும் போக்கும் அதில்தான். அந்தப் பாதையில் மேடையிலிருந்து பத்தில் மூன்று பங்கு தூரத்தில் ஓர் இடம் உண்டு, பெயரே 'ஏழு-மூன்று'. நடிகர் அங்கே நின்றுதான் தன்னை அறிமுகப்படுத்துவார். அதே இடத்தில் தரையில் ஒரு சிறிய ஏற்றப்பலகை இருக்கிறது. அது வழியாக மேலே வருகிறவர் பேயாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார், சாதாரண மனிதர் அந்த வழியில் வருவதில்லை. இது தெரிந்தால் கதை தெரியாமலே பாதி புரியும்.

ஆகவே மேல்தளங்களில் சீட்டு எடுக்கும்போது இடப்பக்க ஓரத்தைத் தவிருங்கள். வரைபடத்தில் 'மேற்கு' என்று போட்டிருக்கும். ஹனமிச்சி உங்களுக்கு நேர் கீழே போய்விடும், எட்டிப் பார்த்தாலும் தெரியாது. எட்டிப் பார்ப்பதே அங்கே தப்பு: ஒருவர் முன்னால் சாய்ந்தால் பின்வரிசை முழுக்க மறையும், பணியாளர் வந்து சொல்லிவிடுவார். எதிரே இருக்கும் 'கிழக்கு'ப் பக்கம் உட்கார்ந்தால் பாதை முழுக்கக் கண்ணெதிரே வரும். தரைத்தளத்தில் பணம் செலவழிக்க முடியுமென்றால் ஏழு, எட்டு, ஒன்பதாம் வரிசைகள். 'தொ-சி-ரி' என்று ரசிகர்கள் அவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்து வரிசையில் அவை ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது எழுத்துகள்.

நான்கு மணி நேரம் உட்கார முடியாதென்றால் 'ஹிதோமகு-மி' எடுங்கள், ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டுமான சீட்டு. முழுச்சீட்டோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. இடம் நான்காவது மாடி, நுழைவாயில் தனி, கீழ்த்தளங்களுக்குப் போக முடியாது. அங்கிருந்து முகபாவம் தெரியாது, சின்ன பைனாகுலர் கட்டாயம் வேண்டும். சத்தம் மட்டும் அருமையாக வந்து சேரும். நடிகர் கண்ணை உருட்டி அப்படியே உறையும் கணத்தில், மேடையின் வலது ஓரத்தில் ஒருவர் மண்டியிட்டு மரக்கட்டைகளால் பலகையில் அடிப்பார்: 'பட்டா... பட்டா...!' அதே நேரம் மேல்தளத்திலிருந்து ஒரு பழைய ரசிகர் நடிகரின் குலப்பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார். நம் கச்சேரியில் சரியான இடத்தில் விழும் 'பலே' மாதிரி. இடம் தெரியாமல் நாம் கத்தக் கூடாது, கேட்டு ரசித்தால் போதும்.

சாப்பாட்டு விஷயம். முழுச்சீட்டுக்காரர்கள் நீண்ட இடைவேளையில் இருக்கையிலேயே சாப்பிடலாம். ஜப்பானின் புகழ்பெற்ற 'மகுனோஉச்சி' பொதிச்சோற்றின் பெயருக்கே 'திரைக்கு நடுவே' என்றுதான் பொருள். சைவர்கள் கவனிக்கவும்: மீன் துண்டு இல்லாத காய்கறியும் பெரும்பாலும் மீன் சாற்றில் வெந்ததாகவே இருக்கும். கையோடு ஏதாவது கொண்டுபோவது நல்லது. சரசரக்கும் பிளாஸ்டிக் உறையைத் திரை விலகுவதற்கு முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புன்ராகு பொம்மலாட்டத்துக்கு ஒசாகாதான். தேசிய புன்ராகு அரங்கம் 1984இல் திறந்தது. நிப்பொன்பாஷி நிலையத்திலிருந்து நடை தூரம். (டோக்கியோவின் நிஹொன்பாஷிக்கும் அதே எழுத்துதான். வரைபடத்தில் ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஜனவரி, ஏப்ரல், கோடை, நவம்பர் ஆகியவை பெரிய நிகழ்ச்சிகளுக்கான காலம். ஜூன் மாதம் புதியவர்களுக்கு: விளக்கத்தோடு சுருக்கமாக நடத்துவார்கள், முதல் தடவைக்கு அதுவே சரி.

இங்கே நல்ல இடம் வலப்பக்கம். கதை சொல்லும் தாயுவும் ஷமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவரும் வலது ஓர மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் குரல் அந்த ஒரே தாயுதான். ஆரம்பிக்கும் முன் ஏட்டை இரு கையாலும் நெற்றிக்கு உயர்த்தி வணங்குவார். அடிவயிற்றிலிருந்து குரல் எழும்ப, ஆடைக்குள் ஒரு கனமான சின்னப் பையைக் கட்டியிருப்பார். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலது கையும் ஒருவருக்கு, இடது கை ஒருவருக்கு, கால்கள் ஒருவருக்கு. பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. கால் பிடிப்பவர் தன் முஷ்டியை உடையின் விளிம்புக்குள் வைத்து நடக்க வைக்கிறார், முழங்காலிட வைக்கிறார். கொஞ்ச நேரம் அந்த விளிம்பை மட்டும் பாருங்கள். உள்ளே இருப்பது கை என்பது மறந்தே போகும்.

டோக்கியோவின் பழைய தேசிய நாடக அரங்கம் மறுகட்டுமானத்துக்காக 2023 அக்டோபர் கடைசியில் மூடப்பட்டது. அதன் நிகழ்ச்சிகள் இப்போது வேறு வேறு மண்டபங்களில் நடக்கின்றன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அங்கே போகாதீர்கள்.

நோ நாடகத்துக்கு டோக்கியோவின் செந்தகாயாவில் உள்ள தேசிய நோ அரங்கம் வெளியூர்க்காரர்களுக்கு வசதி. முன்னிருக்கையின் முதுகில் சிறு திரை, ஆங்கிலத்திலும் வரிகள் ஓடும். ஒரு நாடகம் பெரும்பாலும் ஒரே நாள்தான் நடக்கும், தேதி தவறினால் தவறியதுதான். மேடைக்கு நான்கு தூண்கள். இடது முன்மூலைத் தூண் நடிகருக்காக நிற்கிறது: முகமூடியின் சின்னக் கண் துளை வழியாக அதைப் பார்த்துத்தான் தான் நிற்கும் இடத்தை அறிகிறார். அந்தத் தூணுக்கு நேர் எதிரான மூலைப் பகுதிதான் 'நகஷோமென்'. மலிவாக இருக்கும், ஆனால் தூண் மறைக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது இடப்பக்கத்து 'வகிஷோமென்' வாங்குங்கள். நடிகர் வரும் பாலம் அருகிலேயே இருக்கும். பாலத்தின் கோடியில் உள்ள திரைக்குப் பின்னால் குழலும் முழவும் சரிபார்க்கும் ஓசை முதலில் மெல்லக் கேட்கும், பிறகு திரையின் அடிப்பக்கத்தைக் கம்புகளால் தூக்குவார்கள். முடிந்ததும் உடனே கை தட்டாதீர்கள். கடைசி ஆள் பாலத்தைக் கடந்து திரைக்குள் போகட்டும்.