உம்மா கொடுத்துவிட்ட ஸலாம்

மதீனாவில், நபியவர்களின் (ஸல்) பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ளா என்ற இடத்தில் தொழ, முன்பதிவு செய்யும் நுசுக் செயலியில் நேரம் கிடைக்கவே நாலு நாள் ஆனது. ரெண்டு ரக்அத் தொழுது முடிப்பதற்குள் 'யல்லா ஹாஜி, யல்லா' என்று கிளப்பிவிட்டார்கள். அதுவும் போதும், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் உம்மாவின் ஹாஜத் வேறு. ஜன்னத்துல் பகீஃ அடக்கத்தலத்தில் இருக்கும் நபியவர்களின் (ஸல்) துணைவி ஸஃபிய்யா நாயகிக்கு (ரலி) ஸலாம் சொல்ல வேண்டும். உம்மாவின் வாப்பா கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவர். புகுந்த வீட்டில் யாராவது 'புதுசா வந்தவன் மவ' என்று குத்தினால் அடுப்படியில் உட்கார்ந்து அழுவார்களாம். ஓதிக்கொடுக்கிற பாட்டி ஒருவர் அப்போது சொல்லித்தான் தெரியும்: ஸஃபிய்யா நாயகியும் 'யூதன் மகள்' என்ற சொல்லைக் கேட்டு அழுதவர்கள். 'நீ ஒரு நபியின் வழிவந்த மகள், உன் சாச்சாவும் நபி, வாக்கப்பட்டதும் நபிக்கு' என்று நாயகம் (ஸல்) தேற்றினார்கள். ஹாரூன் நபியையும் மூஸா நபியையும்தான் அப்படிச் சொன்னது.

அவாலிப் பக்கம் பேரீச்சந்தோட்டம் பார்க்கப் போனோம். அறுபது ரியால் பேசிய டாக்சிக்காரர் நூறு கேட்டார்; கேட்காமலே ஒரு அஜ்வா பேரீச்சம்பழக் கடையில் வேறு இறக்கிவிட்டார். மதீனாவின் அந்தத் தென்புறத்தில்தான் பனூ நளீர் என்ற யூதக் கோத்திரத்தார் இருந்தார்கள். 625இல் ஊரைவிட்டுப் போனபோது வீட்டு நிலையைக்கூடப் பெயர்த்து ஒட்டகத்தில் ஏற்றினார்களாம். அவர்களின் தலைவர் ஹுயையின் மகள்தான் ஸஃபிய்யா. 627இல் பனூ குறைளா என்ற இன்னொரு யூதக் கோத்திரத்தாரோடு தகப்பன் கொல்லப்பட்டார், 628இல் கைபர் போரில் கணவன். பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவுகளில் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். நானும் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று யோசித்ததில்லை. பிறந்த மதீனாவுக்கே நாயகத்தின் (ஸல்) துணைவியாகத் திரும்பி வந்தபோது மனசில் என்னென்ன இருந்திருக்கும்!

பகீஃக்குள் பெண்களை விடுவதில்லை. அஸருக்குப் பிறகு உம்மாவைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். பெயர் எழுதாத கற்கள், புறாக்கள். அன்னையர், அதாவது நபியவர்களின் (ஸல்) துணைவியர், அடங்கிய இடத்தைக் காட்டினார்கள். அதில் எது யாருடையது என்று தெரியாது. 'அஸ்ஸலாமு அலைக்கும் யா உம்மல் முஃமினீன் (முஃமின்களின் தாயே), எங்க உம்மா சொல்லச் சொன்னாங்க' என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை. பின்னால் வந்தவர் முதுகில் இடித்தபோதுதான் நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் உம்மா கேட்டார்கள்.

"சொன்னியா வாப்பா?"

"சொல்லிட்டேன்மா."

"எந்தப் பக்கம்?"

கையை நீட்டிக் காட்டினேன். நாற்காலியைப் பிடித்து எழுந்து, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர்களே ஒருமுறை சொன்னார்கள்.