அப்பாவின் பழைய டிஸ்க்: பன்னிரண்டு நாள் குறிப்புகள்

2025 அக்டோபர் 22, புதன்

தீபாவளி அலைச்சல் ஓய்ந்து, இன்று புதுக் கணினி வந்து சேர்ந்தது. கும்பகோணத்தில் அப்பா நடத்தும் டிடிபி (கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தரும்) கடைக்கு 14 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் முதல் புது இயந்திரம். பழையது 2011-இல் வாங்கியது. விண்டோஸ் 7, 32 பிட், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆறு மாதமாக அந்த டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒலி வருகிறது. சில நாட்களில் இரண்டு முறை அணைத்துப் போட்டால்தான் விண்டோஸ் எழுகிறது. கார்த்திகை முகூர்த்த அழைப்பிதழ்கள் குவிவதற்குள் வேலையை மாற்றிவிட வேண்டும்.

கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்தால் போதாதா என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். போதாது. அவருக்குக் காட்டுவதற்காகவே ஒரு கோப்பைப் புதுக் கணினியில் திறந்தேன். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அந்த ஐந்து குறிகளும் 'அம்மா' ஆகும். எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற ஒழுங்கு (குறியேற்றம்) எல்லா எழுத்துருக்களுக்கும் பொதுவாக அமைந்த யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முன்பும், அச்சுத் தொழிலில் அதற்குப் பின்பும், எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றுதான் காலம் ஓடியிருக்கிறது. அப்பாவிடம் அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட எழுத்துருக்கள் இருக்கின்றன. பக்கம் அமைக்க அவர் பயன்படுத்துவது 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7. அதற்குப் பிறகு அந்த மென்பொருளுக்குச் சிறு திருத்தங்கள் தவிரப் புதிய பதிப்பு வரவில்லை. அதை நிறுவும் சிடி வீட்டில் எங்கு தேடியும் இல்லை. எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், அச்சுப்பொறி அமைப்பு, பேஜ்மேக்கர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. டிஸ்க்கை முழுதாக, அப்படியே படிமமாக (உள்ளது உள்ளபடி நகலாக) எடுத்தால்தான் அந்த மேசை உயிரோடு வரும்.

நல்ல வேளையாக ஒரு படிமம் ஏற்கெனவே இருக்கிறது. 2019-இல் ஊருக்கு வந்தபோது அண்ணன் குளோன்சில்லா என்ற படிமம் எடுக்கும் மென்பொருளில் எடுத்து, ஒரு வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டுப் போனது. "பேக்கப் இருக்கிறது" என்று ஆறு ஆண்டுகளாக வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம்.

அக்டோபர் 23, வியாழன்

படிமத்தைப் புது இயந்திரத்தின் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கில்) நேரடியாக விரிக்க வழியில்லை. இந்த இயந்திரத்தில் துவக்குவதற்கு யூஇஎஃப்ஐ என்ற புது முறை மட்டுமே உண்டு, பழைய பயாஸ் முறை கிடையாது. 32 பிட் விண்டோஸ் 7 அதில் துவங்காது. துவங்கினாலும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை அறிந்துகொள்ளும் டிரைவர் அதனிடம் இல்லை. ஆகவே புதுக் கணினியில் விண்டோஸ் 11 அப்படியே இருக்கட்டும், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினி) அமைத்து, பழைய படிமத்தை அங்கே விரிப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் முட்டுக்கட்டை அளவில் வந்தது. பழைய விண்டோஸில் டிஸ்க்கின் அளவு 465 ஜிபி என்று காட்டுகிறது. அதே எண்ணை மெய்நிகர் டிஸ்க்குக்குக் கொடுத்தேன். இலக்கு டிஸ்க் சிறியது என்று குளோன்சில்லா நின்றுவிட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். '500 ஜிபி' என்று விற்கப்படும் இந்த டிஸ்க்கின் உண்மையான கொள்ளளவு 500,107,862,016 பைட்டு. விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுவதால் அது 465.76 ஆகிறது. தசமப் புள்ளிக்குப் பின் இருப்பதை விட்டுவிட்டு 465 என்று போட்டதால் 81 கோடியே 79 லட்சம் பைட்டு குறைந்துவிட்டது. டிஸ்க்கின் கடைசிப் பகுதி உட்கார இடமில்லை. 500 என்று போட்டுப் புதிதாக அமைத்ததும் வேலை தொடங்கியது. மெய்நிகர் டிஸ்க் தேவைக்கேற்ப வளரும் வகை என்பதால் பெரிய எண் கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

இரவு 11 மணிக்கு 38 விழுக்காட்டில் பிழை காட்டி நின்றது. நாளை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் வெளி டிஸ்க்கில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த டிஸ்க்கில் உள்ள எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் படிமம் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பெயரின் கடைசியில் ஏஏ, ஏபி, ஏசி, ஏடி என்று வரிசை போக வேண்டும். ஏபிக்கு அடுத்து ஏடி இருக்கிறது. ஏசி இல்லை.

அந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் பின்னால் உள்ள அத்தனையும் வீண். எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஒரே சுருக்கப்பட்ட ஓட்டம். நடுவில் அறுந்தால் அதற்கு மேல் விரிக்க முடியாது.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "என் லேப்டாப்பில்தான் முதலில் எடுத்தேன். அங்கிருந்து இந்த டிஸ்க்குக்கு மாற்றும்போது ஒரு கோப்பில் பிழை வந்தது. அதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரச் சொன்னேன். பிறகு மறந்தே போனேன்." அந்த லேப்டாப்பும் இப்போது இல்லை. அவன் குரல் உடைந்துவிட்டது. அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. படிமம் எடுத்தவன் அவன் ஒருவன்தான். ஆறு ஆண்டுகளில் அதை ஒரு முறையாவது விரித்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் இங்கே இருந்த நாங்கள். குளோன்சில்லா எடுத்து முடித்ததும் படிமத்தைச் சரிபார்க்கவா என்று கேட்கும். அப்போது அது நன்றாகத்தான் இருந்திருக்கும். பழுது வந்தது பிறகு, நகலெடுக்கும்போது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் சரிபார்க்க வேண்டியதை எடுத்த நாளோடு நிறுத்திவிட்டோம்.

இனி இருப்பது அந்த டிக், டிக் டிஸ்க் ஒன்றுதான்.

அக்டோபர் 25, சனி

பழைய கணினியை இன்று துவக்கவே இல்லை. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றினால் அது தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கும். டிஸ்க்கைத் தனியே கழற்றிப் புதுக் கணினியின் சாட்டா கேபிளில் மாட்டினேன். புதிதாக வாங்கிய 2 டிபி வெளி டிஸ்க்கை இலக்காக வைத்து, சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து துவக்கினேன்.

பழைய டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் மிகச் சிறு பகுதிகள்) நூற்றுக்கும் மேல். குளோன்சில்லா இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாகப் பிழை என்று நின்றுவிடும். இதற்கு ஏற்றது டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். உயிர் எப்போது போகும் என்று தெரியாத டிஸ்க்குக்கு இந்த வரிசைதான் சரி. எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவது அதன் மிகப் பெரிய பலம்.

அந்தப் பலம் மாலையே தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். நிறுத்தி, அணைத்தேன். எட்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை அதே வரைபடக் கோப்போடு கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவும்மா வந்திருக்கிறது?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார்.

சிஸ்டம்ரெஸ்கியூவிலிருந்து பார்த்தபோது புது எஸ்எஸ்டியின் சி டிரைவ் விண்டோஸின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். முதல் நாள் அமைப்பின்போது தானாகவே நடந்திருக்கிறது. 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் ஒருநாள் பயாஸில் எதையாவது மாற்றியிருந்தால் வெளியே நின்றிருப்போம். நாளை முதல் வேலை, விண்டோஸுக்குள் போய் அந்த எண்ணை எடுத்து அப்பாவின் கணக்கு நோட்டில் எழுதுவது.

அக்டோபர் 27, திங்கள்

மூன்று சுற்று மறுமுயற்சிகள் முடிந்தன. 50,010 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகளில் வராமல் போனது 57,344. அதாவது 112 செக்டர்கள். எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

ஆனால் அந்த 112 எங்கே விழுந்திருக்கின்றன? வெற்றிடமாக இருந்தால் கவலையில்லை. ஏதாவது கோப்பின் நடுவில் இருந்தால் அது எந்தக் கோப்பு என்று தெரியாமல் விடக் கூடாது. டிடிரெஸ்கியூவின் கையேட்டிலேயே இதற்கு அழகான வழி இருக்கிறது. படிக்க முடியாத இடங்களை மட்டும், நாம் தரும் ஒரு சொற்றொடரால் படிமத்தில் நிரப்பிவிடலாம். பிறகு அந்தச் சொற்றொடர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால் போதும். படிமத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் செய்தேன். தேடல் ஒன்றே கால் மணி நேரம் ஓடியது.

மூன்று கோப்புகள். ஒன்று விண்டோஸின் தற்காலிக நினைவகக் கோப்பு. அதனால் இழப்பு இல்லை. இன்னொன்று ஏதோ ஒரு திருமணத்தின் ஸ்கேன் படம். மூன்றாவது, 2008-இல் அப்பா அமைத்த ஒரு கிராமத்துக் கோயில் தலபுராணத்தின் ஆறாம் அத்தியாயம். மறுபதிப்புக்கு அந்த ஊர்க்காரர்கள் தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். பீரோவைத் திறந்து அச்சான புத்தகத்தை எடுத்து வந்தார். ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பக்கங்களை எண்ணினார். பதினான்கு. "அடித்துவிடலாம்" என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

டிடிரெஸ்கியூ தந்த முழுப் படிமத்தை விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளையால் அதன் மெய்நிகர் டிஸ்க் வடிவமான விடிஐக்கு மாற்றினேன். ஒருபோதும் எழுதப்படாத இடங்கள் வெறும் பூஜ்யங்கள் என்பதால் அவை தவிர்க்கப்பட்டு, கோப்பு 171 ஜிபியில் நின்றது. 465-ஆ 500-ஆ என்ற கேள்வியும் இந்த வழியில் எழவில்லை. அளவு படிமத்திலிருந்தே வந்துவிடுகிறது.

மெய்நிகர் கணினியைத் துவக்கினேன். விண்டோஸ் சின்னம் வந்தது. அடுத்த நொடி நீலத் திரை, 0எக்ஸ்7பி என்ற எண். துவக்க வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று பொருள். படிமமே கெட்டுவிட்டதோ என்று நெஞ்சு படபடத்தது. டிஸ்க்கே தெரியாவிட்டால் சின்னம் வரை எப்படி வந்திருக்கும் என்று பிறகுதான் நிதானித்தேன். துவக்கும் நிரல் சரியாகப் படிக்கிறது, அதன் பின் விண்டோஸின் சொந்த டிரைவர் பொறுப்பேற்கும் இடத்தில்தான் உடைகிறது.

பழைய கணினியை டிஸ்க் இல்லாமல் துவக்கி அதன் பயாஸைப் பார்த்தேன். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா, ஐடிஇ என்ற பழைய முறையில் வைக்கப்பட்டிருந்தது. 2011-இல் கடைக்காரர் அப்படி வைத்து விண்டோஸை ஏற்றியிருக்கிறார். ஆகவே அந்த விண்டோஸ் துவங்கும்போது ஐடிஇ டிரைவரைத்தான் தேடும். விர்ச்சுவல்பாக்ஸோ விண்டோஸ் 7 என்று சொன்னதும் ஏஹெச்சிஐ என்ற புது வகை டிஸ்க் கட்டுப்படுத்தியைத் தானாகக் கொடுத்திருக்கிறது. மெய்நிகர் கணினியின் அமைப்பில் அதை நீக்கி, பிஐஐஎக்ஸ்4 என்ற ஐடிஇ வகையைச் சேர்த்து, அதே டிஸ்க்கை அதில் மாட்டினேன்.

துவங்கியது. அப்பாவின் பழைய திரை, மகாமகக் குளத்தின் படம், இடது ஓரத்தில் அவர் வைத்த கோப்புறைகள். விண்டோஸ் வரிசையாகப் புது டிரைவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு முறை மறுதொடக்கம் கேட்டது. பிறகு பேஜ்மேக்கரைத் திறந்தோம். அப்பா தலபுராணத்தின் முதல் அத்தியாயத்தைச் சொடுக்கினார். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. "வரி உடையவே இல்லை, பார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டிடிபி செய்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் அருமை தெரியும்.

மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பைக் கொடுக்கவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. கோப்புகள் உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு பகிர்வுக் கோப்புறை போதும்.

அக்டோபர் 30, வியாழன்

பிரதிகள் எடுக்கும் நாள். மெய்நிகர் கணினியை முழுதாக அணைத்துவிட்டு விடிஐ கோப்பை இரண்டு தனி டிஸ்க்குகளில் நகலெடுத்தேன். கோப்பில் ஒரு பைட்டு மாறினாலும் மாறிவிடும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை மூன்று இடத்திலும் கணக்கிட்டேன். இரண்டாவது டிஸ்க்கில் எண் பொருந்தவில்லை. கேபிளை மாற்றி மறுபடி நகலெடுத்தபின் பொருந்தியது. அந்தக் கேபிளை அப்போதே வெட்டிக் குப்பையில் போட்டேன். நகல் முடிந்தது என்றுதான் திரை சொன்னது. பிழை என்று ஒரு வார்த்தை கூட வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

எண் பொருந்துவதோடு விட மனம் வரவில்லை. ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு திருவிடைமருதூரில் சித்தி வீட்டுக்குப் போய், தம்பியின் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, புதிதாக ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, நகலை மாட்டினேன். ஐடிஇ முறையில் வைக்க மறக்கவில்லை. இருபது நிமிடத்தில் அப்பாவின் திரை அங்கே வந்தது. ஓர் அழைப்பிதழைத் திறந்து பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. டிஸ்க்கைச் சித்தி வீட்டுப் பீரோவிலேயே வைத்துவிட்டு வந்தேன். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: எடுத்த தேதி, விரித்துப் பார்த்த தேதி, சரிபார்ப்பு எண், ஐடிஇ என்ற குறிப்பு. அண்ணனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

வீடு திரும்பியபோது அப்பா புதுக் கணினியின் முன் இருந்தார். பக்கத்தில் புத்தகம், அதன் மேல் அடிக்கோல். ஆறாம் அத்தியாயத்தைத் தன் பழைய விசைப்பலகை முறையிலேயே அடித்துக்கொண்டிருந்தார். இரவு மூடும்போது ஒன்பது பக்கம் முடிந்திருந்தது. அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.