பாத்தூர் எரிமலை ஏறப்போகும் டெல்டாக்காரர்களுக்கு

பாலியின் பாத்தூர் எரிமலை 1717 மீட்டர் உயரம். அதிகாலை 4 மணிக்கு அடிவாரத்தில் கிளம்பினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் உச்சி. வழிகாட்டி கட்டாயம் வேண்டும். இருட்டில் பாதை பிடிபடாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் வம்பு. மேலே முழுக்க எரிமலைச் சரளை, காலடியில் உருளும். குதிகாலை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். தேய்ந்த ஷூ வழுக்கிவிடும். கால் நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால், இறங்கும்போது இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.

செல்போன் வெளிச்சம் வேண்டாம், ஒரு கை வீணாகும். தலையில் மாட்டும் டார்ச்தான் சரி. வியர்த்த பனியனோடு உச்சியில் உட்கார்ந்தால் உடம்பு வெடவெடக்கும் (நம்மூர் மார்கழியெல்லாம் சும்மா!). மாற்றுச் சட்டையும் ஜெர்கினும் பையில் இருக்கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மேகம் மூடினால் உச்சியில் சூரிய உதயம் தெரியாது.

பயிற்சிக்கு நம் பக்கம் மேடு ஏது? கூட்டமில்லாத நேரத்தில் சுவாமிமலையின் 60 படிகள்தான்.