நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

காலையில் எங்கள் வீட்டில் ஒரு பத்து நிமிடம் நான் பேச மாட்டேன். மௌன விரதமெல்லாம் இல்லை. தபால் தலை அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தகடு, கண்ணாடித்தாள் மாதிரி மெலிசாக இருக்கும், அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கரைகிற வரை எச்சிலை விழுங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எலுமிச்சை மணம் சேர்த்திருக்கிறார்கள். வேப்பங்கொழுந்தில் எலுமிச்சை பிழிந்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அந்த நேரம் பார்த்து மகள் எதையாவது கேட்பாள், நான் விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், "ஓ, அப்பா வாயில மருந்து" என்று சொல்லிவிட்டு அவள் அம்மாவிடம் போய்விடுவாள்.

மருந்தின் பெயர் புப்ரெனார்ஃபின், கூடவே கொஞ்சம் நலாக்சோன் என்ற இன்னொரு மருந்து. இரண்டும் சேர்ந்ததன் கடைப்பெயர் சபாக்ஸோன், அப்படிச் சொன்னால் இங்கே அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஹெராயினிலோ வலி மாத்திரைகளிலோ சிக்கிக்கொண்டவர்களை மீட்கக் கொடுக்கிற மருந்து. நான் எடுப்பது முதுகுவலிக்கு. இதை முதல் தடவையாகப் பொதுவில் எழுதுகிறேன். நண்பர்களிடம் இத்தனை நாளும் "நரம்பு மாத்திரை" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

2013 குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது இடுப்பில் சொடக்குப் போட்ட மாதிரி ஒன்று கேட்டது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஒரு ஆபரேஷன், இரண்டு வருடம் கழித்து இன்னொன்று, இரண்டாவதில் திருகாணி எல்லாம் வைத்து முடுக்கினார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு அழகாகச் சேர்ந்துவிட்டது என்றார் சர்ஜன். எக்ஸ்ரே படத்துக்குக் குணமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. இடது பிட்டத்தில் தொடங்கி கணுக்கால் வரை ஒரு குடைச்சல், அப்புறம் நடுநடுவே கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி சுளீர் என்று ஒன்று.

அதற்குத்தான் ஆக்ஸிகோடோன் என்ற அபின் வகை வலி மாத்திரை. 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வருடத்தில் ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமில் வந்து நின்றது. மாத்திரை என்னைக் கிறங்கடித்தது என்று யாராவது நினைத்தால், அது முதல் மாதத்தோடு சரி. அதற்கப்புறம் இருந்ததெல்லாம் கடிகாரம்தான். நாலு மணி நேரம் ஆனால் வலி திரும்பும், அது வருவதற்கு அரை மணி முன்னாலேயே மனசு போய் கடிகாரத்தில் உட்கார்ந்துகொள்ளும். மாதக் கடைசியில் குப்பியைக் கவிழ்த்து எண்ணுவேன், ஒன்று குறைந்தால் திரும்ப எண்ணுவேன். ஒரு கல்யாணத்துக்காக சிகாகோ போனபோது சூட்கேஸ் தொலைந்ததைவிட, மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக விமானத்தில் ஐந்து தடவை எழுந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

2016-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: மார்ஃபின் கணக்கில் ஒரு நாளைக்கு 90 மில்லிகிராமைத் தாண்டுவதைத் தவிருங்கள் என்று. ஆக்ஸிகோடோனை ஒன்றரையால் பெருக்கினால் மார்ஃபின் கணக்கு வரும், அதன்படி நான் 120. அது மருத்துவர்களுக்குச் சொன்ன யோசனை, சட்டம் இல்லை. ஆனால் பயந்துபோன மருத்துவமனைகள் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டன. நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் என்னைப் பார்க்காமலேயே மாதா மாதம் அளவைக் குறைத்தார்கள். இப்படித் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆட்களுக்கு ஆபத்தாக முடிகிறது என்று 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. இந்த மாநிலம் வலி மாத்திரையால் எத்தனை பேரைப் புதைத்தது என்று எனக்கும் தெரியும், அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிப்போய் மிதித்தது யாரை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

2021-இல் வேறொரு வலி நிபுணரிடம் போனேன். அந்த அம்மா அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "புப்ரெனார்ஃபினுக்கு மாறிப் பார்க்கலாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு நாளும் மாத்திரையை அதிகம் போட்டதில்லை, தெருவில் வாங்கியதில்லை, என்னைப் போய் இப்படி நினைத்துவிட்டாரே என்று வீட்டுக்கு வந்தும் மனைவியிடம் அதையே புலம்பிக்கொண்டிருந்தேன். "அவங்க மருந்தைச் சொன்னாங்க, நீங்க பட்டத்தைக் கேட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் முதல் ஆச்சரியம், இது வலி மருந்தாகவே பிறந்தது. 1966-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் ஆய்வுக்கூடத்தில் ஜான் லூயிஸ் என்பவரின் குழு உருவாக்கியது. ரெக்கிட் என்றால் டெட்டால் கம்பெனி, அம்மா அப்பாவின் வேட்டியை முக்கி எடுத்த ராபின் நீலமும் அவர்களுடையதுதான். அபினில் இருக்கிற தீபெயின் என்ற பொருளிலிருந்து செய்தார்கள். இதே குடும்பத்து அண்ணன் எடார்ஃபின், யானையையும் காண்டாமிருகத்தையும் சாய்க்கிற சரக்கு. பிரிட்டனில் 1978-இல் ஊசியாகவும் 1982-இல் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் வந்தது, இரண்டும் வலிக்கு. அடிமைத்தனத்துக்கு உதவும் என்று ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு 1978-இல் எழுதியது, ஆனால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததோ 2002-இல். அந்த அனுமதியோடு வலி மருந்து என்ற பெயரும் மாறிப்போனது.

வேலை செய்கிற விதத்தை மருத்துவர் ஏதோ பூட்டு சாவி என்று விளக்கினார், எனக்கு அதைவிட நம்ம ஊர் பஸ் உதாரணம்தான் சரியாக வருகிறது. மூளையில் அபின் வகை மருந்துகளுக்கென்று சீட்டுகள் இருக்கின்றன. ஆக்ஸிகோடோன் வந்து உட்கார்ந்து ஒரே கூத்தடித்துவிட்டு நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். புப்ரெனார்ஃபின் துண்டு போட்டு சீட் பிடிக்கிற பெரியவர் மாதிரி, உட்கார்ந்தால் லேசில் எழ மாட்டார், பக்கத்தில் யாரையும் உட்காரவும் விடமாட்டார், ஆனால் கூத்து கிடையாது. ஒரு அளவுக்கு மேல் மூச்சை அமுக்குவதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். அதற்காக ஆபத்தே இல்லை என்று இல்லை, தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தால் இதுவும் ஆளைக் கொல்லும்.

சிக்கல் எங்கே என்றால், ஏற்கெனவே சீட்டில் ஆக்ஸிகோடோன் உட்கார்ந்திருக்கும்போது இவர் ஏறினால், அவர்களைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டுத்தான் உட்காருவார். அப்போது உடம்பு படுகிற பாடு சாதாரணமில்லை. அதனால் முதல் தகட்டை வைப்பதற்கு முன்னால் பழைய மருந்து இறங்க வேண்டும். (இப்போது பொடிப்பொடி அளவில் ஆரம்பித்து, பழையதை நிறுத்தாமலேயே மெல்ல மாற்றுகிற பெர்ன் முறை என்று ஒன்று இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் 2016-இல் எழுதியது. எனக்குப் பழைய முறைதான் வாய்த்தது.)

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடைசி ஆக்ஸிகோடோன். நடுராத்திரியில் கொட்டாவி ஆரம்பித்தது, தூக்கமே வராத கொட்டாவி, தாடை கழன்றுவிடும் போல ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் மூக்கில் நீர். மூன்று மணிக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது, பார்த்தால் உரித்த கோழி. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை, படுக்கையில் சைக்கிள் மிதித்துக்கொண்டே இருந்தேன். மனைவி மருத்துவர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி அளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டாள், கூட்டல் ஒரு அளவைத் தொட்டால்தான் முதல் தகடு. "இன்னும் ரெண்டு மார்க் வேணும்" என்று காலை எட்டு மணிக்கு அவள் சொன்னபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக மார்க் குறைவுக்காக நான் அழுதேன். பத்தரைக்கு 2 மில்லிகிராம். நாற்பது நிமிடத்தில் கால் நின்றது. மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

அடிமைத்தன சிகிச்சையில் இதை வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். வலிக்கு அப்படி எடுத்தால் சரிப்படாது, வலியைப் பிடிக்கிற வேலை ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் நிற்கிறது, அதனால் அதே அளவை மூன்றாகப் பிரித்து எடுக்கிறேன். வலி போய்விட்டதா? இல்லை. பத்துக்கு எட்டாக இருந்தது நாலரையில் நிற்கிறது. சுளீர் அப்படியேதான் வருகிறது, குடைச்சல்தான் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் மூன்றாவது வாரமோ என்னவோ, அலுவலக மீட்டிங்கில் பேசி முடித்துவிட்டு மணி பார்த்தால் மூன்று. இரண்டு மணிக்கு வைக்க வேண்டிய தகட்டை நான் மறந்திருந்தேன். எட்டு வருடத்தில் மருந்தை மறந்தது அதுதான் முதல் தடவை.

மருந்தை ஒழுங்காக வாங்க முடிந்ததா என்றால், அதுதான் கூத்து. அப்போது அடிமைத்தனத்துக்கு இந்த மருந்தை எழுத மருத்துவருக்கு எக்ஸ் என்று தொடங்கும் தனி எண் வேண்டும். வலிக்கு எழுத அந்த எண் தேவையே இல்லை. ஆனால் மருந்துக்கடையில் எக்ஸ் எண் இல்லாத சீட்டைப் பார்த்ததும் திருப்பிவிட்டார்கள், மூன்று நாள் மருத்துவர் தொலைபேசியில் பாடம் நடத்தினார். சிக்க வைத்த ஆக்ஸிகோடோனுக்கு அப்படி ஒரு எண்ணும் கிடையாது, மீட்கிற மருந்துக்குத்தான் உண்டு! 2022 டிசம்பரில் சட்டம் போட்டு அந்த எண்ணையே ஒழித்தார்கள். இதுவாவது பரவாயில்லை, கவுன்டரில் இருந்த பெண் பின்னால் வரிசை நிற்கும்போது மருந்தின் பெயரைச் சத்தமாக இரண்டு தடவை சொன்னாள். வரிசையில் எங்கள் தெருக்காரர் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் பனிப்பொழிவைப் பற்றி மட்டும் பேசினார்.

காப்பீடு அடுத்தது. வலிக்கென்றே அனுமதி பெற்ற புப்ரெனார்ஃபினும் உண்டு, வாரம் ஒரு முறை ஒட்டும் பட்டை 2010-இலும், கன்னத்தின் உள்பக்கம் ஒட்டுகிற தகடு 2015-இலும் வந்தன. அவை விலை அதிகம், எனக்குத் தர மறுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைப்பது மலிவு, ஆனால் அது வேண்டுமென்றால் சீட்டில் நோய்க்கான குறியீட்டு எண் எஃப்11.20 என்று இருக்க வேண்டும். அதாவது, ஓபியாய்டு என்கிற அபின் வகை மருந்தைச் சார்ந்திருத்தல். மருத்துவர் எதையும் மறைக்காமல் சொன்னார், எழுதினால் மருந்து வரும், ஆனால் இந்த எண் உங்கள் ஃபைலைவிட்டுப் போகாது என்று. எழுதச் சொன்னேன். அடுத்த வருடம் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது திருப்பி அனுப்பினார்கள், காரணம் என்று போட்டிருந்தது அந்த எண்.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் கோவில்பட்டியிலிருக்கும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பெரியப்பா மகன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், எப்படியும் தெரிந்துவிடும். போதைக்கு அடிமையானவங்களுக்குக் கொடுக்கிற மருந்தும்மா என்று ஆரம்பித்தேன். அவள் நடுவில் வெட்டினாள். "அந்த மாத்திரைக்கு உனக்கு உடம்பு பழகிப்போச்சு. அதைச் சொல்லு. அதுக்கு ஏன் அடிமைங்கான்? நான் இருவது வருசமா பிரஷர் மாத்திரை போடுதேன், ரெண்டு நாள் விட்டா தலை கிறுகிறுங்குது. நான் என்ன அடிமையா?"

இங்கே டாக்டர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்குகிற வித்தியாசம் இது. மருந்து இல்லாவிட்டால் உடம்பு துவண்டுபோவது ஒன்று, கெடுதல் என்று தெரிந்தும் அதன் பின்னாலேயே ஓடுவது வேறு. நம்மிடம் 'பழகிப்போச்சு' என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது, செய்தித்தாளைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 'அடிமை' என்று போட்டுவிடுகிறோம். அதே நேரம் முதல் வகை ஆள் நான், இரண்டாம் வகை ஆட்கள் வேறு என்று மார்தட்டவும் எனக்கு வாய் வரவில்லை. குப்பியைக் கவிழ்த்து இரண்டு தடவை எண்ணியவன் நான்தானே. 90-களில் சென்னையில் இதே புப்ரெனார்ஃபினை ஊசியாக நரம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் நிறைய. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு காப்பீட்டு அட்டையும், தாளை வைத்து மார்க் போட ஒருத்தியும்தான்.

குறை இல்லாமலும் இல்லை. வாய் காய்கிறது. பல்லைக் கெடுக்கும் என்று 2022 ஜனவரியில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, கரைந்ததும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குப் பல் துலக்கக் கூடாது. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று அதற்குள் போய்விட்டது. இதை விடவேண்டும் என்று ஒரு நாள் நினைத்தால் அதற்கும் மாதக்கணக்கில் இறங்க வேண்டும். ஆனால் 2022-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து போட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட வலிக்குத் தினமும் ஓபியாய்டு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு மற்றவற்றைவிடப் புப்ரெனார்ஃபினைப் பரிந்துரைக்கிறார்கள். கவுன்டர் பெண்ணுக்கு அது போய்ச் சேர இன்னும் நாளாகும்.

அம்மா இப்போது ஒரு வேலை செய்கிறாள். இங்கே காலை ஏழு, அங்கே சாயங்காலம், நான் தகட்டை வைக்கிற நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுவாள். நான் பேச முடியாது என்று தெரிந்தேதான். தெருவில் யார் வீட்டில் சண்டை, தக்காளி என்ன விலை, என் தங்கை யாரிடம் என்ன சொன்னாள் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் சொல்வாள், நான் ம்ம், ம்ம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். நேற்று தகடு சீக்கிரமே கரைந்துவிட்டது, "அப்படி இல்லம்மா" என்று வாயைத் திறந்தேன். "இன்னும் மூணு நிமிசம் இருக்கு, பேசாத" என்றாள்.