அப்பாவுக்குச் சரியான சொல்

2015-ல் வங்கி அதிகாரி வேலைக்கான நேர்முகத் தேர்வு. உள்ளே போய் உட்கார்ந்ததும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறார் என்றேன். அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. இதை எதிர்பார்த்து, ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகியிருந்தேன். ‘மை ஃபாதர் இஸ் எ வெரி பார்சிமோனியஸ் மேன்’ என்று ஆரம்பித்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஃப்ரூகல்னு சொல்ல வந்தீங்களாம்மா?” என்று தன்மையாகக் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் நோட்டில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. இரண்டும் ஒன்றுதான் மேடம் என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் போனில் தேடிப் பார்த்தேன். பார்சிமோனியஸ் என்றால் காசைச் செலவழிக்க அறவே மனம் வராதவர். அதாவது கஞ்சன். ஃப்ரூகல் என்றால் சிக்கனமானவர். முன்பின் தெரியாத ஐந்து பேர் முன்னால் என் அப்பாவைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையைச் சாத்தும் முன் தினமும் ஒரு காந்தத் துண்டைத் தரையில் இழுத்துக்கொண்டே போவார். சிதறிய குண்டூசி எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய சட்டைகளின் பட்டன்களை நிறவாரியாகப் பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்திருப்பார். வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் தலையணைக்குள் போகும். எங்கள் வீட்டுத் தலையணையைத் தட்டினால் பல ஊர்க் கல்யாணச் சட்டைகளின் துணுக்கு உள்ளே இருக்கும். அதே அப்பாதான் ஜூன் மாதம் வந்தால், தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடைக்குத் தையல்கூலி வாங்க மாட்டார். “இருக்கட்டும் பாப்பா, நூல்தானே” என்று விஷயத்தை முடித்துவிடுவார். நூல் மட்டுமா, மூன்று நாள் வேலை அது.

அப்படிப்பட்டவரை எந்தச் சொல்லில் அடைப்பது? இந்தக் கேள்விதான் எனக்கு ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் விதத்தையே மாற்றிக் கொடுத்தது.

அதுவரை நான் படித்தது ஜெராக்ஸ் தாள்களில். ஆயிரம் சொல், ஒவ்வொன்றுக்கும் பொருள், எதிரே ஒரே பொருள் தரும் மூன்று சொல், அதாவது சினானிம், கடைசியில் ஒரு ஆன்டனிம், அதாவது எதிர்ச்சொல். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தத் தாள்தான் வேதம். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மதிப்பெண், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். அந்த அவசரத்துக்கு ஜெராக்ஸ் தாள் உதவியது என்பதை மறுக்க மாட்டேன். ஃப்ரூகல் என்று கேட்டு, கொடுத்த விடைகளில் பார்சிமோனியஸ் இருந்தால் அதைத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லை வாயில் எடுத்து ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது அந்தத் தாள் கைவிட்டுவிடுகிறது.

அந்த வருடம் இறுதிப் பட்டியலில் என் எண் வரவில்லை. ஒரு சொல்லால்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன், எழுத்துத் தேர்விலும் மதிப்பெண் குறைவுதான். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் லாங்மேன் அகராதி என் கைக்கு வந்தது. தாய்மொழிக்குப் பிறகு ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்பவர்களுக்காக 1978-ல் வந்தது அது. எந்தச் சொல்லுக்கும் விளக்கத்தைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். ஒரு கடினமான சொல்லைப் பார்க்கப் போய் இன்னும் மூன்று கடினமான சொற்களில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. வீட்டில் இருந்த லிஃப்கோ அகராதி தமிழில் பொருள் தந்தது, அது வேறு வகையான உதவி. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்றுதான் இன்றைக்கும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அப்பாவின் சொல்லைத் தேடியபோது ஒன்று பிடிபட்டது. ஃப்ரூகலுக்கு எதிர்ச்சொல் எக்ஸ்ட்ராவகன்ட், அதாவது ஊதாரித்தனம். பார்சிமோனியஸுக்கும், அதே கஞ்சத்தனத்தைச் சொல்லும் ஸ்டிஞ்சிக்கும் எதிர்ச்சொல் ஜெனரஸ், தாராள மனசு. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்த இரண்டு சொற்களின் எதிர்வீடுகள் வேறு வேறு தெருவில் இருக்கின்றன. அப்பா ஊதாரி இல்லை, அதனால் ஃப்ரூகல். தாராள மனசுக்காரர், அதனால் ஸ்டிஞ்சி இல்லை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பது தமிழில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அது எனக்குத் தெரிய எதிர்ச்சொல் வந்து காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து என் நோட்டில் எதிர்ச்சொல்தான் முதல் வரி. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இதற்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று கேட்பேன்.

இந்தக் கேள்வியைத் தமிழிலும் கேட்டுப் பார்க்கலாம். அப்பாவி என்கிறோம். போலீஸ் பிடித்துக்கொண்டு போன அப்பாவிக்கு எதிர்ப்பதம் குற்றவாளி. ஊர் உலகம் தெரியாத அப்பாவிக்கு எதிர்ப்பதம் விவரமானவன். ஆங்கிலத்தில் முதலாமவர் இன்னசன்ட், இரண்டாமவர் நயீவ். ஜெராக்ஸ் தாள் இந்த இரண்டையும் சினானிம் என்று ஒரே வரியில் போட்டிருந்தது. பழையது என்றால் புதியது எதிரே வரும், முதியவர் என்றால் இளையவர் வருவார். ஓல்ட் என்ற சொல்லுக்கு நியூ, யங் என்று இரண்டு எதிர்ச்சொல் இருப்பது அதனால்தான். பிரவுட் என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வெட்கப்படும் அஷேம்டு நின்றால் பெருமை, பணிவான ஹம்பிள் நின்றால் செருக்கு.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சினானிம் என்று எனக்கு ரொம்ப நாள் எரிச்சல் இருந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்துவிட்டது. படித்தவர்களிடம் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. குடியானவர்கள் பழைய ஆங்கிலத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் ஒரே மொழிக்குள் தங்கிவிட்டன. ஆஸ்க் பழைய ஆங்கிலம், கொஸ்டின் பிரெஞ்சு வழி, இன்டராகேட் லத்தீன். எங்கே போறே என்று அம்மா கேட்டால் ஆஸ்க். அதையே இன்டராகேட் என்றால் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

நம்மிடமும் சொற்பட்டியல் மரபு பெரியது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் ஒரு பொருளுக்கான பல பெயர்களைச் செய்யுளிலேயே அடுக்கித் தந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். அதனால் மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் மொழியை வீட்டிலும் வயலிலும் கேட்டு வளர்ந்தவர்கள். நிகண்டு அவர்களிடம் இருந்ததை விரித்துக் கொடுத்தது. ஜெராக்ஸ் தாளோடு உட்கார்ந்த எனக்கு விரித்துக்கொள்ள அடியில் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 1852-ல் ரோஜெட் என்ற மருத்துவர் கொண்டுவந்த தெசாரஸ் என்ற சொற்களஞ்சியத்திலும் சொற்கள் அகர வரிசையில் வரவில்லை, கருத்துவாரியாக வந்தன. எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக வைத்திருந்தார். இதை நான் தெரிந்துகொண்டது என் நோட்டில் எதிர்ச்சொல் முதல் வரிக்கு வந்து வெகுநாள் கழித்து. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எதிர்ச்சொல் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மிட்டிகேட், அலீவியேட் இரண்டுமே குறைப்பது, தணிப்பது. இரண்டுக்குமே மோசமாக்குவது என்று பொருள்படும் அக்ரவேட் எதிர்ச்சொல்லாக வரும். அப்போது சொல் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அலீவியேட் வலியோடும் வறுமையோடும் போகும். மிட்டிகேட் ரிஸ்க்கோடு போகும், பாதிப்போடு போகும். முன்னொட்டை நம்பியும் ஏமாறக் கூடாது. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது. இன்ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது அல்ல, சட்டென்று பற்றிக்கொள்வது. டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்?

அடுத்த வருடம் தேர்வாகி, இப்போது தென்காசிப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு வந்தபிறகு சொற்கள் இன்னும் நெருக்கமாக வந்துவிட்டன. கவுன்டரில் நாள் முழுக்க “லோன் சாங்ஷன் ஆயிடுச்சா” என்று கேட்பார்கள். அந்த சாங்ஷனுக்கு எதிர்ச்சொல் நிராகரிப்பு. பேப்பரைத் திறந்தால் ஒரு நாட்டின்மேல் இன்னொரு நாடு சாங்ஷன் போட்டிருக்கும், அது தடை. ஒரே சொல்லுக்குள் அனுமதியும் தண்டனையும் இருக்கின்றன.

தள்ளுபடியை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். ஆடித் தள்ளுபடி டிஸ்கவுன்ட், மனு தள்ளுபடி டிஸ்மிஸல், கடன் தள்ளுபடி வேவர். நம் ஒரு சொல்லுக்கு அங்கே மூன்று. நாலாவதாக ரைட் ஆஃப் என்பதையும் செய்திகளில் தள்ளுபடி என்றே எழுதிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ரைட் ஆஃப் என்பது வராக்கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவது. கடன் வாங்கியவர் கட்ட வேண்டியது அப்படியேதான் இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரலாம். வேவர் என்றால்தான் கட்ட வேண்டாம் என்று அர்த்தம். செய்தியைப் படித்துவிட்டு, “என் கடனும் போயிடுச்சாம்மா?” என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற ஒரு பெரியவருக்கு, இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் கொடுப்பதில்லை. எதிர்ச்சொல், பக்கத்துச் சொல், அகராதி தரும் பொருள், அப்புறம் தனக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். ஆள் நிஜமானவராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆச்சியைப் பற்றி எழுதும்போது கண்டிப்பானவர் என்று ஸ்ட்ரிக்ட் போடுவதா, ஈவிரக்கமில்லாதவர் என்று ஹார்ஷ் போடுவதா என்று ஒரு பிள்ளை கால்மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆச்சி ராத்திரி காலில் எண்ணெய் தேய்த்துவிடுவார் என்பதைச் சொல்லி, ஹார்ஷை அடித்துவிட்டாள்.

இந்த வாரம் என் நோட்டில் நிற்கும் சொல் வல்னரபிள். எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய என்று பொருள் எழுதிவிட்டேன். எதிர்ச்சொல்லில்தான் நாலு நாளாக நிற்கிறேன். அகராதி இன்வல்னரபிள் என்கிறது, அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. ஸ்ட்ராங் என்று எழுதினேன். மறுநாள் காலையில் ஓய்வு பெற்ற ஒருவர் கிளைக்கு வந்தார். நல்ல உயரம், உழைத்த உடம்பு, கணீரென்ற குரல். முந்தின நாள் போனில் வந்த ஓடிபி எண்ணை யாரிடமோ சொல்லியிருக்கிறார், கணக்கில் இருந்த ஓய்வூதியப் பணம் முழுக்கப் போய்விட்டது. புகார் எழுதிக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். சாயங்காலம் வந்து ஸ்ட்ராங்கை அழித்தேன். பாதுகாப்பாக இருப்பவர் என்ற பொருளில் செக்யூர் என்று போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.